உறைவிடக் குடிநோய்ச் சிகிச்சையில் இடைநிற்றலும் ஆளுமைக் கூறுகளும்: ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

குடிநோயாளர் உறைவிடச் சிகிச்சையில் சேர்ந்தபின் அதனை நிறைவு செய்யாமல் இடையிலேயே வெளியேறுவதற்கும் அவர்தம் ஆளுமைக் கூறுகளுக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது. ஐங்கூறு மாதிரியை அடிப்படையாகக் கொண்ட ஆய்வுகள் பொறுப்புணர்வின் குறைவையும் மனவெழுச்சி நிலையின்மையின் மிகுதியையும் குடிநோயோடு தொடர்புபடுத்துகின்றன. எனினும், ‘யார் குடிநோய்க்கு ஆளாகிறார்’ என்னும் வினாவிற்குக் கிடைத்த விடையை ‘யார் சிகிச்சையை முடிக்காமல் போவார்’ என்னும் வினாவிற்கு எடுத்துப் பொருத்துவது பிழையாகும். அளவிடும் நாள், அளவிடும் மொழி, சிகிச்சை தருவோரின் அணுகுமுறை ஆகியவற்றைக் கருதாமல் ஆளுமை மதிப்பெண்ணைக் கொண்டு நோயாளியை வடிகட்டுதல் கூடாது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

திறவுச் சொற்கள்: குடிநோய், உறைவிடச் சிகிச்சை, இடைநிற்றல், ஆளுமைக் கூறு, பொறுப்புணர்வு, சிகிச்சை உறவு

முன்னுரை

இந்திய அரசின் சமூகநீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்திற்காகப் புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் போதைப்பொருள் சார்பு சிகிச்சை மையம் நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பின் அறிக்கை 2019ஆம் ஆண்டு வெளிவந்தது. 10 முதல் 75 வயது வரையிலானோரில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர் என்றும், அவர்களுள் 2.9 கோடிப் பேர் மதுச்சார்பு நிலையில் உள்ளனர் என்றும் அது மதிப்பிட்டது. இச்சார்பு நிலையில் உள்ளோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒருவகைச் சிகிச்சை பெற்றதாகக் கூறினார். மருத்துவமனையிலோ மையத்திலோ தங்கிச் சிகிச்சை பெற்றதாகக் கூறியவர் 180 பேருக்கு ஒருவர் மட்டுமே.

இவ்விகிதத்தை மனத்தில் கொண்டு நோக்கினால், ஒரு குடிநோயாளர் உறைவிட மையத்தின் படுக்கையை அடைவதே அரிய செயல் என்பது புலனாகும். பெரும்பாலும் மனைவியோ தாயோ உடன்பிறந்தாரோ பல மாதங்கள் முயன்று, முன்பணம் திரட்டி, வேலைக்கு விடுப்புச் சொல்லி அவரைக் கொண்டுவந்து சேர்க்கின்றனர். அவ்வாறு சேர்ந்தவர் ஒன்பதாம் நாளில் ‘எனக்குச் சரியாகிவிட்டது’ என்று கூறிப் பையை எடுத்துக்கொண்டு புறப்படும்போது, மையத்தின் பதிவேட்டில் ‘மருத்துவ அறிவுரைக்கு மாறாக வெளியேறினார்’ என்ற ஒரு வரி எழுதப்படுகிறது. அதற்கு அடுத்த கட்டத்தில் காரணம் கேட்கப்படுகிறது. அங்கு எழுதப்படுவது பெரும்பாலும் அந்நோயாளரின் குணம் பற்றிய தீர்ப்பாகவே அமைந்துவிடுகிறது. அத்தீர்ப்பிற்கு உளவியல் ஆய்வு எந்த அளவு துணை நிற்கிறது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

சொல்லும் பொருளும்

கலைச்சொல்லிலிருந்தே தொடங்குதல் தகும். உளவியலில் ஒருவரிடம் காலம் கடந்தும் சூழல் மாறியும் ஓரளவு நிலைத்துக் காணப்படும் எண்ணம், உணர்வு, நடத்தை ஆகியவற்றின் போக்கினை ஆளுமைக் கூறு என்கிறோம். தமிழில் இதனைப் ‘பண்பு’ என்று மொழிபெயர்ப்போர் உளர். ஆனால் பண்பு என்னும் சொல் நம் மரபில் நடுநிலையான சொல் அன்று. திருக்குறளின் நூறாவது அதிகாரம் பண்புடைமை. அங்கே பண்பு என்பது நற்பண்பு மட்டுமே. இன்றும் ‘பண்பற்றவர்’ என்றால் அது வசை. ஆகவே ‘பொறுப்புணர்வுப் பண்பு குறைந்தவர்’ என்று ஓர் அறிக்கையில் எழுதும்போது எழுதுபவர் ஓர் அளவீட்டைக் குறிக்கிறார். படிக்கும் குடும்பத்தினர் ஒரு குற்றச்சாட்டைப் புரிந்துகொள்கின்றனர். கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாக வைத்து அறமாகப் போற்றிய மரபில் வந்த நமக்குக் குடிப்பவரின் ஆளுமையை அறத்தினின்று பிரித்து எண்ணுவது எளிதன்று. ‘ஆளுமை’ என்ற சொல்லும் இன்று ‘இலக்கிய ஆளுமை’, ‘அரசியல் ஆளுமை’ எனப் பெருமை குறித்து வழங்குகிறது. இக்குழப்பத்தைக் குறைக்கும் பொருட்டே இக்கட்டுரையில் ‘ஆளுமைக் கூறு’ என்னும் தொடர் ஆளப்படுகிறது.

மற்றொரு சொல் ‘இடைநிற்றல்’. இச்சொல்லைக் கல்வித்துறையிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். எட்டாம் வகுப்போடு பள்ளியைவிட்டு நின்ற ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்போது பள்ளியின் தொலைவு, கழிப்பறை, வீட்டு வேலை, திருமணப் பேச்சு என்று வினவுகிறோம். அவளுடைய ஆளுமைக் குறையைத் தேடுவதில்லை. குடிநோயாளர் இடைநிற்கும்போது மட்டும் வினாவின் திசை மாறிவிடுகிறது. சிகிச்சை இடைநிற்றல் பற்றிய ஆய்வுகளும் இப்போக்கிற்கு விலக்கானவை அல்ல. 1992 முதல் 2013 வரை வெளிவந்த 122 ஆய்வுகளைத் தொகுத்து நார்வே நாட்டைச் சேர்ந்த புரோர்சனும் உடனாய்வாளரும் 2013இல் வெளியிட்ட திறனாய்வின்படி, அவற்றுள் 91 விழுக்காடு நோயாளியிடம் நிலைத்து இருக்கும் காரணிகளையே, குறிப்பாக வயது, பாலினம், கல்வி போன்றவற்றையே, ஆராய்ந்திருந்தன. சிகிச்சை மையம் என்ன செய்தது என்பதை ஆராய்ந்தவை சிலவே.

வெளியேறும் நாள்

இடைநிற்றலை ஒரே நிகழ்வாகக் கருதிக் கணக்கிடுவது வழக்கம். அது எந்த நாளில் நிகழ்கிறது என்பதைப் பொறுத்து அதன் தன்மை வேறுபடுகிறது.

கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் விலகல் அறிகுறிகள் தொடங்குகின்றன. கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, பதற்றம் ஆகியவை இரண்டாம் மூன்றாம் நாள்களில் உச்சம் பெறுகின்றன. சிலருக்கு வலிப்பும், இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் மனக்குழப்பத்தோடு கூடிய கடுமையான நடுக்கநிலையும் ஏற்படலாம். குளோர்டையசெபாக்சைடு, டையசெபாம் போன்ற மருந்துகளும் தையமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும் இக்கட்டத்தில் தரப்படுகின்றன. இந்நாள்களில் வெளியேறுபவர் பெரும்பாலும் உடலின் வேதனையிலிருந்து தப்பி ஓடுகிறார். இங்கு ஆளுமையைப் பற்றிப் பேசுவதைவிட மருந்தின் அளவைப் பற்றிப் பேசுவதே பொருத்தம்.

இரண்டாம் வாரத்தில் நிலைமை தலைகீழாகிறது. பசி எடுக்கிறது, உறக்கம் வருகிறது, கை நிலைபெறுகிறது. ‘நோய் தீர்ந்தது’ என்ற நம்பிக்கை பிறக்கிறது. அதே சமயத்தில்தான் குழு உரையாடல், தன் கதையைப் பிறர்முன் கூறுதல், குடும்பத்தாரோடு அமர்ந்து பேசுதல் போன்ற உளவியல் பகுதிகள் தொடங்குகின்றன. உடல் நலமுற்ற நேரத்தில் உள்ளத்தின் சுமை கூடுகிறது. பிறரோடு எளிதில் பழகாதவர், வெட்கம் மிக்கவர், விமர்சனத்தைத் தாங்க இயலாதவர் ஆகியோருக்கு இக்கட்டம் கடினமானது. ஆளுமைக் கூறுகள் தம் பங்கை ஆற்றுவது பெரும்பாலும் இங்கேதான் எனக் கருதுகிறேன்.

மூன்றாம் வாரத்திற்குப் பின் வெளியுலகம் உள்ளே நுழைகிறது. கடன் தவணை, காதணி விழா, அறுவடை, முதலாளியின் அழைப்பு முதலியன காரணங்களாகின்றன. இவற்றை ‘சாக்கு’ என்று ஒதுக்கும் வழக்கம் மையங்களில் உண்டு. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஐங்கூறு மாதிரியும் குடிநோயும்

காஸ்டா, மெக்ரே ஆகிய இருவரும் உருவாக்கிய நியோ ஆளுமை வினாத்தொகுதியின் 1992ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு 240 கூற்றுகளைக் கொண்டது. மனவெழுச்சி நிலையின்மை, புறமுகத் தன்மை, திறந்த மனப்பாங்கு, இணக்கம், பொறுப்புணர்வு என்னும் ஐந்து பெருங்கூறுகளை அது அளக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் ஆறு உட்கூறுகள் வீதம் மொத்தம் முப்பது உட்கூறுகள் உள்ளன.

மதுப் பயன்பாட்டையும் இவ்வைந்து கூறுகளையும் இணைத்து ஆராய்ந்த 20 ஆய்வுகளை மாலூப்பும் உடனாய்வாளரும் 2007இல் தொகுத்தனர். அவற்றில் பங்கேற்றோர் 7,886 பேர். பொறுப்புணர்வின் குறைவு, இணக்கத்தின் குறைவு, மனவெழுச்சி நிலையின்மையின் மிகுதி ஆகிய மூன்றும் மது ஈடுபாட்டோடு தொடர்புடையவை என அத்தொகுப்பு காட்டியது. சிகிச்சைக்குப் பின் மீண்டும் போதைக்குத் திரும்புவோரைப் பற்றிப் பிஷர், இலியாஸ், ரிட்ஸ் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்விலும் மனவெழுச்சி நிலையின்மை மிகுதியும் பொறுப்புணர்வுக் குறைவும் முன்குறிகளாக வெளிப்பட்டன.

இங்கு ஒரு தருக்கப் பிழைக்கு இடம் உண்டு. குடிநோய்க்கு ஆளாதல், சிகிச்சையை முடித்தல், முடித்தபின் மீண்டும் குடித்தல் ஆகிய மூன்றும் மூன்று வேறு நிகழ்வுகள். மையத்தில் சேர்ந்திருப்போர் அனைவரும் குடிநோயாளரே. பொதுமக்களோடு ஒப்பிட அவர்கள் எல்லோருக்கும் பொறுப்புணர்வு மதிப்பெண் தாழ்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. அவ்வாறு ஏற்கெனவே ஒரு பக்கமாகச் சாய்ந்த குழுவிற்குள், முடித்தவரையும் முடிக்காதவரையும் அதே கூறு பிரித்துக் காட்டும் என்று எதிர்பார்க்க இயலாது. மதிப்பெண்களின் வீச்சு குறுகும்போது தொடர்பின் வலிமையும் குறையும் என்பது புள்ளியியலின் பாலபாடம். முன்னர்க் குறிப்பிட்ட புரோர்சன் குழுவின் திறனாய்வில் ஆய்வுக்கு ஆய்வு மாறாமல் இடைநிற்றலோடு இணைந்து வந்த காரணிகள் நான்கே: அறிதிறன் குறைபாடு, சிகிச்சை உறவின் நலிவு, ஆளுமைக் கோளாறு, இளவயது. வயதைத் தவிர்த்த ஏனைய மக்கள்தொகைக் காரணிகள் எவையும் நிலையான முன்குறிகளாகத் தேறவில்லை.

இவற்றுள் ஆளுமைக் கோளாறு என்பதை ஆளுமைக் கூறோடு குழப்புதல் கூடாது. கூறு எல்லோரிடமும் உள்ளது. மிகுதியாகவோ குறைவாகவோ அமைகிறது. கோளாறு என்பது தனக்கும் பிறருக்கும் நீண்டகாலத் துன்பம் விளைக்கும் அளவுக்கு இறுகிப்போன போக்கு. அதனை உறுதிசெய்ய மருத்துவ நேர்காணல் தேவை. வினாத்தாளில் இணக்கம் குறைவாகப் பெற்றதை வைத்து ஒருவரைச் சமூக விரோத ஆளுமையினர் என்று குறிப்பது முறையன்று.

பொறுப்புணர்வு என்னும் பெருங்கூற்றைச் சற்றுப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். திறமையுணர்வு, ஒழுங்கு, கடமை தவறாமை, சாதனை நாட்டம், தன்னொழுங்கு, எண்ணித் துணிதல் ஆகியன அதன் ஆறு உட்கூறுகள். தன்னொழுங்கும் எண்ணித் துணிதலும் மிக்கவர் கடினமான இரண்டாம் வாரத்தைக் கடந்துவிடுவார் என்று கருத இடமுண்டு. கடமை தவறாமை அவ்வாறன்று. களப்பணியின்போது ஒரு கொத்தனாரிடம் உரையாட நேர்ந்தது. பதினோராம் நாளில் அவர் வெளியேற முடிவு செய்திருந்தார். கூரைக்குக் கான்கிரீட் போடும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது என்றார். “நான் போகலைன்னா ஆறு பேருக்கு அன்னிக்குக் கூலி போயிடும் தம்பி” என்பது அவர் சொன்ன காரணம். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘சிகிச்சையில் நாட்டமின்மை’ என்று எழுதப்பட்டது. கடமை தவறாமையை அளக்கும் எந்த வினாவிலும் அவர் உயர்ந்த மதிப்பெண்ணே பெற்றிருப்பார். ஒரே பெருங்கூற்றின் ஓர் உட்கூறு ஒருவரை மையத்தில் இருத்துகிறது. மற்றோர் உட்கூறு அவரை வெளியே அழைக்கிறது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தரும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

திடீர் உந்துதலின் நிலையும் இத்தகையதே. நியோ தொகுதியில் உந்துதலுக்கு ஆட்படுதல் மனவெழுச்சி நிலையின்மையின் கீழ் வருகிறது. எண்ணாமல் செயல்படுதல் பொறுப்புணர்வின் குறைவாக அளக்கப்படுகிறது. கிளர்ச்சி தேடுதல் புறமுகத் தன்மையின் கீழ் அமைகிறது. வைட்சைடும் லைனமும் 2001இல் இவற்றைப் பிரித்தெடுத்து, உந்துதல் என்று நாம் ஒற்றைச் சொல்லால் குறிப்பது உண்மையில் பல வேறு போக்குகளின் தொகுதி எனக் காட்டினர். சினத்தில் சட்டென்று புறப்படுபவரும் சலிப்பில் புறப்படுபவரும் ஒரே வகையினர் அல்லர்.

பிற மாதிரிகள்

ஐங்கூறு மாதிரிக்கு முன்னும் பின்னும் வேறு முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. மெக்கான்ட்ரூ 1965இல் மினசோட்டா பன்முக ஆளுமைப் பட்டியலிலிருந்து 49 கூற்றுகளைத் தெரிந்து குடிநோயாளரைப் பிற மனநோயாளரிடமிருந்து பிரிக்கும் அளவுகோலை அமைத்தார். குளோனிங்கர் 1987இல் புதுமை தேடல், தீங்கு தவிர்த்தல், பாராட்டுச் சார்பு ஆகிய மூன்று பரிமாணங்களைக் கொண்டு குடிநோயை இரு வகையாகப் பகுத்தார். 1993இல் அதனை ஏழு பரிமாணங்களாக விரித்தார். இவற்றுள் விடாமுயற்சி, தன்னை நெறிப்படுத்தல் என்னும் இரண்டும் சிகிச்சையில் நிலைத்தலுக்கு நேரடிப் பொருத்தம் உடையவையாகத் தோன்றுகின்றன. ‘குடிநோய் ஆளுமை’ என்று தனியே ஒன்று உண்டு என்ற பழைய எண்ணத்தை மட்டும் இன்றைய ஆய்வுலகம் ஏற்பதில்லை என்பதைக் குறித்துவிட்டு மேலே செல்லலாம்.

எந்த நாளில் அளப்பது

பெரும்பாலான மையங்களில் உளவியல் சோதனைகள் சேர்க்கையின்போதோ முதல் வாரத்திலோ முடிக்கப்படுகின்றன. நிருவாக வசதிக்கு இது ஏற்றது. அளவீட்டிற்கு இதைவிடப் பொருந்தாத காலம் வேறில்லை.

பிரவுன், ஷுக்கிட் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வை இங்கு நினைவு கூரலாம். உள்நோயாளராகச் சேர்ந்த குடிநோயாளரில் 42 விழுக்காட்டினருக்குத் தொடக்கத்தில் மருத்துவக் கவனத்திற்குரிய அளவில் மனச்சோர்வு காணப்பட்டது. மது இல்லாமல் நான்கு வாரங்கள் சென்றபின் அவ்வளவு சோர்வு எஞ்சியிருந்தோர் 6 விழுக்காட்டினர் மட்டுமே. மனவெழுச்சி நிலையின்மையின் ஆறு உட்கூறுகளுள் பதற்றமும் மனச்சோர்வும் அடங்கும். எனவே முதல் வாரத்தில் பெற்ற உயர் மதிப்பெண்ணில் எவ்வளவு அந்த மனிதருடையது, எவ்வளவு மதுவும் அதன் விலகலும் ஏற்படுத்தியது என்று பிரித்தறிய வழியில்லை. நிலையான கூறு என்று பெயரிட்டுக்கொண்டு, நான்கு வாரத்தில் கரைந்துபோகும் ஒன்றை நாம் அளந்திருக்கக்கூடும்.

அறிதிறன் குறைபாடு இதனினும் நுட்பமான சிக்கல். நெடுங்கால மதுப் பழக்கம் கவனம், நினைவு, திட்டமிடல் ஆகிய திறன்களைப் பாதிக்கிறது. மது நீங்கிய வாரங்களில் இவை ஓரளவு மீள்கின்றன. குழு வகுப்பிற்கு நேரத்திற்கு வராதவர், கொடுத்த எழுத்துப் பணியை முடிக்காதவர், நேற்றுச் சொன்னதை இன்று மறந்தவர் ஆகியோரைப் ‘பொறுப்பற்றவர்’ என்று எளிதில் முடிவு கட்டுகிறோம். மறதியும் பொறுப்பின்மையும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே தோற்றமளிக்கும். இடைநிற்றலின் நிலையான முன்குறிகளுள் அறிதிறன் குறைபாடு இடம்பெற்றதை இவ்விடத்தில் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழில் வினவுதல்

வினாத்தொகுதியைத் தமிழில் பயன்படுத்தும்போது எழும் இடர்ப்பாடு ஒன்றை விரிவாகக் கூற வேண்டும். படிப்பறிவு குறைந்த நோயாளர்க்குக் கூற்றுகளை ஆய்வாளரே வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறார். ஆளுமை வினாத்தொகுதிகளில் ஏறத்தாழ ஒரு பகுதிக் கூற்றுகள் எதிர்மறையாக அமைக்கப்படுவது வழக்கம். எடுத்துக்காட்டாக நானே அமைத்த ஒரு கூற்றைக் கொள்வோம்: ‘எனக்கு எளிதில் கோபம் வராது.’ இதற்கு ஒருவர் “ஆமாங்க, வராது” என்கிறார். மற்றொருவர் “இல்லீங்க, வராது” என்கிறார். பேச்சுத் தமிழில் இரண்டும் உடன்பாடே. ஆனால் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற முதற்சொல்லை மட்டும் கேட்டுக் குறியிடும் ஆய்வாளர் இருவருக்கும் எதிரெதிரான மதிப்பெண் தருவார். ஐந்து நிலை அளவுகோலாக இருந்தால் குழப்பம் மேலும் பெருகும். எதிர்மறையை வாக்கியத்தின் இறுதியில் வைக்கும் நம் மொழியமைப்பில், கூற்றின் முன்பகுதியைக் கேட்டவுடன் விடை சொல்லத் தொடங்குவோரும் உண்டு.

வாழ்நிலையும் குறுக்கிடுகிறது. ஒழுங்கு என்னும் உட்கூறு பொருள்களை உரிய இடத்தில் அடுக்கி வைத்தல் போன்ற பழக்கங்களைக் கொண்டு அளக்கப்படுகிறது. ஓர் அறை வீட்டில் ஐவர் வாழும் சுமைப்பணியாளருக்கு அடுக்கி வைக்கத் தனி இடம் ஏது? சாதனை நாட்டம் பற்றிய வினாக்கள் தொழிலில் உயர்வை முன்னிறுத்துகின்றன. நாட்கூலி வாழ்வில் அதற்குரிய படிக்கட்டுகள் குறைவு. இத்தகையோர் பெறும் தாழ்ந்த மதிப்பெண் அவர்தம் வறுமையின் அளவீடாகவும் இருக்கலாம்.

நியோ தொகுதிக்குத் தன்மதிப்பீட்டு வடிவம் ஒன்றும், நெருங்கியவர் ஒருவர் மதிப்பிடும் வடிவம் ஒன்றும் உள்ளன. இரண்டையும் ஒருங்கே பயன்படுத்தினால் தெளிவு பிறக்கும் என்று நூல்கள் கூறும். நம் சூழலில் மதிப்பிட வருபவர் பெரும்பாலும் மனைவி. அடியும் அவமானமும் பட்டுச் சேர்க்கைக்கு வந்திருக்கும் ஒருவர் அந்த முதல் நாளில் கணவரின் இணக்கத்திற்கு என்ன மதிப்பெண் தருவார் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை. அவர் கூறுவது பொய்யன்று. அது குடித்த நிலையில் இருந்த மனிதரைப் பற்றிய உண்மை.

கணிப்பின் எல்லை

இவ்வளவு இடர்களையும் கடந்து ஓர் ஆளுமைச் சோதனை நன்கு செயல்படுகிறது என்றே வைத்துக்கொள்வோம். கற்பனையாக நூறு பேர் சேர்கின்றனர். முப்பது பேர் இடைநிற்பர். சோதனை, இடைநிற்போரில் நூற்றுக்கு அறுபது பேரையும் முடிப்போரில் நூற்றுக்கு அறுபது பேரையும் சரியாக இனங்காண்கிறது எனக் கொள்வோம். அப்படியானால் இடைநிற்கப்போகும் 30 பேரில் 18 பேரை அது சுட்டும். 12 பேரைத் தவறவிடும். முடிக்கப்போகும் 70 பேரில் 42 பேரைச் சரியாகக் கூறி, 28 பேரை ‘இவரும் போய்விடுவார்’ என்று பிழையாகச் சுட்டும். ஆக, சுட்டப்பட்ட 46 பேரில் உண்மையில் வெளியேறுவோர் 18 பேரே. சுட்டப்பட்ட ஐவரில் மூவர் தம் இயல்பில் சிகிச்சையை முடிக்கக்கூடியவர்கள்.

சுட்டப்பட்டோருக்குக் கூடுதலாக ஓர் உரையாடல் தருவதென்றால் இப்பிழையால் கேடில்லை. 28 பேர் கூடுதல் கவனம் பெறுவர், அவ்வளவே. சுட்டப்பட்டோரைச் சேர்க்க மறுப்பதென்றால் முடிக்கக்கூடிய 28 பேர் வாயிலிலேயே திருப்பப்படுவர். 180 பேருக்கு ஒருவர் மட்டுமே உள்ளே வரும் நாட்டில் இவ்வேறுபாடு பெரிது. மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. அது எவரும் அறிவிக்காமல் நிகழ்வது. பணியாளர் மனத்தில் ‘இவர் போய்விடுவார்’ என்று பதிந்துவிட்டால் அவரிடம் செலவிடும் நேரமும் முயற்சியும் குறையும்; சிகிச்சை உறவு நலியும்; அவர் வெளியேறுவார்; கணிப்பு பலித்ததாகத் தோன்றும்.

ஆளுமைக்கேற்ற அணுகுமுறை

ஆளுமை அளவீட்டால் பயனே இல்லை என்பது என் கருத்தன்று. அமெரிக்காவில் 1,726 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 1997இல் முதன்மை முடிவுகள் வெளிவந்த ‘மேட்ச்’ என்னும் பேராய்வு, எந்நோயாளிக்கு எச்சிகிச்சை என்று பொருத்திப் பார்க்க முயன்றது. எதிர்பார்த்த பொருத்தங்களில் பெரும்பாலானவை மெய்ப்படவில்லை. மெய்ப்பட்ட சிலவற்றுள் ஒன்று சினம் பற்றியது. புறநோயாளர் பிரிவில் சின இயல்பு மிக்கோர், வாதிடாமல் அவர்தம் விருப்பத்தையே வினவி வளர்க்கும் ஊக்கமூட்டும் அணுகுமுறையில் நற்பயன் பெற்றனர். சினம் குறைந்தோருக்கு அதே அணுகுமுறை அவ்வளவு உதவவில்லை. இது உறைவிட மையத்திற்கு அப்படியே பொருந்தும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் இணக்கம் குறைந்த ஒருவரைக் குழுவின் நடுவே நிறுத்தி ‘நீ மறுக்கிறாய்’ என்று இடித்துரைப்பதால் விளைவது என்னவாக இருக்கும் என்பதற்கு இது ஒரு குறிப்பு.

ஆளுமையே மாறாதா என்ற வினாவும் எழும். ராபர்ட்ஸ் முதலியோர் 2017இல் 207 ஆய்வுகளைத் தொகுத்து, உளச்சிகிச்சையால் ஆளுமைக் கூறுகள், குறிப்பாக மனவெழுச்சி நிலைப்பாடு, மாறுகின்றன எனக் காட்டினர். ஆனால் அத்தொகுப்பில் பதற்றக் கோளாறு உடையோர் மிகுதியாகவும் போதைப்பொருள் சார்புக்குச் சிகிச்சை பெற்றோர் மிகக் குறைவாகவும் மாறியிருந்தனர். ஒரு மாத உறைவிடச் சிகிச்சை ஆளுமையை மாற்றித் தரும் என்று குடும்பத்தாருக்கு உறுதி கூறுவதற்கு இதில் இடமில்லை. இருக்கும் ஆளுமையோடு சிகிச்சையை முடிக்க உதவுவதே இயல்வது. தன்னொழுங்கு குறைந்தவர்க்கு நாளின் பணிகளைச் சிறு பகுதிகளாக்கித் தரலாம். வெட்கம் மிக்கவரை முதல் வாரம் தனி உரையாடலிலேயே வைத்துப் பின்னர்க் குழுவிற்கு அழைக்கலாம். மறதி மிக்கவர்க்கு எழுத்துப் பணியைக் குறைத்துச் சொன்னதையே மீண்டும் சொல்லலாம். ஆளுமை வினாத்தொகுதியை மூன்றாம் வாரத்திற்குத் தள்ளிவைத்துவிட்டு, சேர்க்கை நாளில் ‘இந்த முப்பது நாளில் வீட்டிலும் வேலையிலும் உங்களுக்கு உள்ள தேதிகள் எவை’ என்று ஒரு வினாவைக் கேட்டுக் குறித்துவைக்கலாம். கொத்தனாரின் கான்கிரீட் நாள் அவ்வாறு முன்கூட்டியே தெரிந்திருந்தால் மேஸ்திரியிடம் பேசி மாற்றாளை ஏற்பாடு செய்யப் பத்து நாள்கள் இருந்திருக்கும்.

சட்டத்தின் நிலையையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள்களின் தவறான பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்க்கிறது. தம் விருப்பத்தால் சேர்ந்தவர் வெளியேற விரும்பினால் அவரை விடுவிக்க வேண்டும் என்பது அதன் 88ஆம் பிரிவின் பொதுவிதி. ஆதரவுச் சேர்க்கைக்குரிய நிலை உள்ளதா என மதிப்பிடும் பொருட்டு மட்டும் 24 மணி நேரம் வரை அவரது விடுவிப்பை நிறுத்திவைக்க மனநலப் பணியாளருக்கு இடமளிக்கப்பட்டுள்ளது. இடைநிற்றல் நோயாளரின் உரிமையும் ஆகும். பூட்டிய கதவால் கிடைக்கும் ‘நிறைவு விகிதம்’ ஆய்வுக்கும் பயன்படாது. ஆகவே நோயாளர் பையை எடுத்த அந்த நேரத்தில், விடுவிப்புத் தாள்களை எழுதி முடிப்பதற்குள், அவரோடு அமர்ந்து பேசுபவர் யார், அவர் எதைக் கேட்கிறார், கேட்ட விடையைப் பதிவேட்டின் காரணக் கட்டத்தில் நோயாளரின் சொற்களிலேயே எழுதுகிறாரா என்பவை இனிவரும் ஆய்வுகள் முதலில் திரட்ட வேண்டிய தரவுகள்.